பஞ்சமத்தில் நாலு விம்மல்

எனக்குப் பாட வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. தொண்டையில் கோளாறு ஒன்றும் கிடையாது, குரல் கணீரென்றுதான் இருக்கும். ஆனால் மேலே போக வேண்டிய இடத்தில் கொஞ்சம் கீழே நிற்கும், இறங்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். அது எனக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

இப்படிப்பட்ட என்னை 'நல்லா பாடுவா' என்று சொல்லி வைத்தவர் என் அப்பா. அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வேர்க்கடலை பயிரிட்ட குடும்பம். எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பேர். நைனாதான் முதன்முதலில் திருவண்ணாமலைக்கு வந்து மல்லாட்டை மண்டி வைத்தார். கீழே மண்டி, மேலே வீடு. எனக்கு அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த மாதிரி வீடுகளில் பெண் பாடுமா என்று கேட்பார்கள் என்று தரகர் சொன்னாராம். நைனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏன் பாடாது? பேஷா பாடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்குள் என் வாழ்க்கையில் எட்டு வருஷம் போனது.

எழுபத்தாறில் வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினேன். பெட்டிக்குள் எம்.எஸ்சி. விண்ணப்பம் இருந்தது. நைனா அதை வாங்கி மடித்து மண்டிக் கல்லாவில் போட்டார். "படிச்ச வரைக்கும் போதும்மா" என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவ்வளவு சாந்தமாகச் சொன்னவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

மாடியில் எனக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் மலை. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், கைகூப்பிக் கண்ணீர் விடுகிறார்கள். மகராசர்களாக இருக்கட்டும். எனக்கு அது ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய கல். காலையில் பார்த்தாலும் அதே இடம், சாயங்காலம் பார்த்தாலும் அதே இடம். காற்று வாகாக அடித்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்டக்டர் குரல் கேட்கும்: "போளூர், கண்ணமங்கலம், வேலூர்! போளூர், கண்ணமங்கலம், வேலூர்!" அதைக் கேட்டு எழுந்து தெருப்பக்கம் வந்து நின்றால் அம்மா, "உள்ள வாடி, பார்க்கறவங்க என்னா நெனைப்பாங்க" என்பாள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் யாரும் என்னைப் பார்ப்பதற்கென்று வந்ததில்லை. பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வருவார்கள். அப்படியே பெண்ணையும் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணக்கு. ராத்திரி முழுக்க ஒன்பது மைல் வெறுங்காலோடு நடந்துவிட்டு, விடிந்ததும் புழுதிக் காலோடு எங்கள் படியேறுவார்கள். அம்மா அண்டாவில் வெந்நீர் வைத்திருப்பாள். கால் கழுவி, இட்டிலி தின்று, கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் அவர்களுக்குக் கண் சொக்கும். அந்த நேரம் பார்த்து நான் பட்டுப்புடவையோடு வந்து பாட வேண்டும். ஒருமுறை மாப்பிள்ளையே குறட்டை விட்டார். நான் பாட்டை நிறுத்தவில்லை, எனக்கென்ன வந்தது?

ஊருக்குத் திரும்பிப் போய் 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று கடிதம் போடுவார்கள். நைனா அதை நம்பவில்லை. பாட்டுதான் சரியில்லை என்று முடிவு கட்டினார். செங்கம் சாலையில் வாடகை அறையைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஆர்மோனியம் ஒன்றை வாங்கி வந்தார். எங்கள் ஊர் பஜனைகளில் பாடும் ஒருவரை வாத்தியாராக வைத்தார். வாத்தியார் கெட்டவர் இல்லை, ஆனால் பசி தாங்காதவர். அம்மா பலகாரத் தட்டைக் கொண்டுவருகிற வரைக்கும்தான் பாடம்.

"சுருதி சேரலம்மா" என்பார் அவர்.

"எங்க சார் சேரலை?"

"பஞ்சமத்துல. ச-வுல சரியா நிக்கறே, ப-வுக்குப் போறப்போ கம்மி ஆயிடுது."

"எவ்ளோ கம்மி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்ளோன்னா? இதென்னா மல்லாட்டையா, தராசுல போட்டு இத்தினி கிலோன்னு சொல்றதுக்கு? காதுல கேட்டா தெரியணும்!"

காதில் கேட்டால் தெரிகிறவள் உங்களிடம் எதற்கு வருகிறாள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எல்லாரும் நான் தப்பு என்கிறார்கள். எவ்வளவு தப்பு என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருஷம் கணக்குப் படித்தவளுக்கு அதைவிட அவமானம் வேறு உண்டா?

கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவைகள் இருந்தன. ரப்பரில் தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரும்புக் கவைகள். ஒவ்வொன்றிலும் நொடிக்கு எத்தனை அதிர்வு என்று எண் பொறித்திருக்கும். ச-வுக்கு 256, ப-வுக்கு 384, மேல் ச-வுக்கு 512. கழித்துப் பார்த்தேன். ச-விலிருந்து ப-வுக்கு 128, ப-விலிருந்து மேல் ச-வுக்கும் 128. அப்படியென்றால் இரண்டு தூரமும் சமம் அல்லவா? ஆனால் ஆர்மோனியத்தில் வெள்ளை, கறுப்புக் கட்டைகளை எண்ணினால் முதல் தூரம் ஏழு கட்டை, இரண்டாவது ஐந்தே கட்டை. வாத்தியாரிடம் கேட்டதற்கு, "உனக்கு வேண்டாத வேலை" என்று சொல்லி முறுக்கைக் கடித்தார்.

விடை ஆர்மோனியப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பெட்டி ஆடாமல் இருக்க அந்த வெள்ளைக்காரர் அடியில் பழைய துணியும் காகிதமும் திணித்திருந்தார். அவற்றோடு அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம். ஒலியைப் பற்றியது. எழுதியது யார் என்றுகூடத் தெரியாது, முதல் பக்கங்களே இல்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். காது கழித்துப் பார்ப்பதில்லை, வகுத்துப் பார்க்கிறது என்று அதில் இருந்தது. 256-க்கு 384 ஒன்றரை மடங்கு. 384-க்கு 512 ஒன்றரை மடங்குகூட இல்லை, ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். மடங்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினால் பெருக்க வேண்டும். பெருக்கலைக் கூட்டலாக மாற்ற என்ன செய்வோம்? லாக் போடுவோம்!

தலையணைக்கு அடியிலிருந்து மடக்கை அட்டவணை, அதாவது லாக் புத்தகத்தை எடுத்தேன். ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்ததில் அது ஒன்றுதான் கல்லாவுக்குப் போகாமல் தப்பியது. ஒன்றரைக்கு லாக் 0.1761. மூன்றுக்கு நாலு என்ற அடுத்த மடங்குக்கு 0.1249. கூட்டினால் 0.3010, அதுதான் இரண்டுக்கு லாக், அதாவது ச-விலிருந்து மேல் ச வரை உள்ள மொத்தத் தூரம். முதல் தூரம் பெரியது, இரண்டாவது சின்னது, சேர்த்தால் முழுசு. ஏழு கட்டையும் ஐந்து கட்டையும் அப்படியே வந்து உட்கார்ந்தன. நான் அறைக்குள் எழுந்து குதித்தேன். கீழே மண்டியில் இருந்த நைனா, "என்னாது சத்தம்?" என்று கேட்டார்.

அந்தப் புத்தகத்தில் பழைய கதையும் இருந்தது. லாக் வருவதற்கு முன்னால் சுரங்களை அளக்க நினைத்தவர்கள் பின்னத்தின் மேல் பின்னமாகப் பெருக்கி மாய்ந்திருக்கிறார்கள். லாக் வந்த கொஞ்ச காலத்திலேயே அதைச் சங்கீதத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு தேசத்தில் ஒருவர் ச-விலிருந்து மேல் ச வரை 301 பங்காகப் பிரித்தார், இரண்டின் லாக் 0.301 அல்லவா, அதனால். அவருக்குச் சின்ன வயசிலிருந்தே காதும் பேச்சும் சரியில்லை. சுரம் சேர்ந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருந்த பாட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாராம். வெகுகாலம் கழித்து இங்கிலாந்தில் ஒருவர் அதையே 1200 பங்காகப் பிரித்தார். எங்கெங்கோ உள்ள வாத்தியங்களையெல்லாம் அந்த அளவுகோலால் அளந்தார். அவருக்கும் சுரபேதம் தெரியாது, நண்பரின் காதைத்தான் நம்பினார். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கடல் தாண்டி, காலம் தாண்டி, எனக்கு இரண்டு கூட்டாளிகள் இருந்திருக்கிறார்கள்.

வாத்தியாரிடம் ஒரு தம்புராக் கம்பி கேட்டு வாங்கினேன். ஒரு பலகையில் அதைக் கட்டி, மறுமுனையில் மண்டியின் பழைய எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். அடியில் இரண்டு பென்சில். பென்சிலை நகர்த்தினால் கம்பியின் நீளம் மாறும், சுரமும் மாறும். அறுபது சென்டிமீட்டரில் ச என்றால் நாற்பதில் ப. ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான், ஒன்றும் புதிது இல்லை. இரண்டு ஒலிகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் துளி பிசகினால், சத்தம் கூடிக் குறைந்து கூடிக் குறைந்து அலையாக வரும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பேர். சுரம் தெரியாத என் காதுக்கு விம்மல் நன்றாகத் தெரிந்தது. ஆர்மோனியக் கட்டையை அழுத்தி, விம்மல் நிற்கிறவரை பென்சிலை நகர்த்தினால் கம்பியும் பெட்டியும் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம்.

பிறகு என் குரலை அளந்தேன். கம்பியின் மேல் ஒரு சின்னக் காகிதத் துண்டை மடித்து உட்கார வைத்து, குனிந்து அதன் முகத்துக்கு நேராகப் ப என்று கத்துவேன். சுரம் கம்பியோடு சேர்ந்தால் காகிதம் துள்ளும். நாற்பதில் துள்ளவில்லை. மெல்ல நகர்த்தினேன், நாற்பத்தொன்றில் துள்ளியது. லாக் போட்டேன், 0.1654. இருக்க வேண்டியது 0.1761. குறைவு 0.0107. மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான ஒரு கட்டை 0.0251 என்றால், பாதிக் கட்டைகூட இல்லை என் தப்பு! அடுத்த நாள் வாத்தியாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, "சரிம்மா. இப்போ அதை வெச்சு என்னா பண்ணப்போறே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எவ்வளவு என்று தெரிந்த பிறகும் என் குரல் அதே இடத்தில்தான் நின்றது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ச-விலிருந்து ப-வுக்கு ஒரு தாவல். அந்த ப-வையே ச-வாக வைத்துக்கொண்டு இன்னொரு தாவல். இப்படிப் பன்னிரண்டு தாவினால் ஏழு சுற்று மேலே போய், புறப்பட்ட ச-வுக்கே வந்து சேர வேண்டும். ஆனால் வராது. லாக் போட்டுக் கழித்தால் 0.0062 மிச்சம் வந்தது. புத்தகத்தில் 0.0059 என்று இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, நாலு இலக்க லாக்கில் இருந்த துளிப் பிசகு பன்னிரண்டு முறை பெருகியதுதான் காரணம் என்று பிடித்தேன். எதுவாக இருந்தாலும் மிச்சம் மிச்சம்தான். மலையைச் சுற்றினால் புறப்பட்ட வாசலுக்கே வந்து நிற்போம். இந்தச் சுற்றில் மட்டும் ஒரு மயிரிழை தள்ளி நிற்போம். வெளியே போக ஒரு இடுக்கு இருக்கிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த பக்கத்திலேயே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஆர்மோனியம் செய்கிறவர்கள் அந்த மயிரிழையைப் பன்னிரண்டு கட்டைக்கும் பங்கு போட்டு, யாருக்கும் தெரியாமல் இடுக்கை அடைத்துவிட்டார்களாம். புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

நான் பாட ஆரம்பித்தாலே நைனா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவார். மண்டியில் வேலை என்று நினைத்துக்கொள்வேன். அம்மா ஒருமுறை சொன்னாள்: "வயசுல கூத்துக்காரங்க பின்னாடியே சுத்துனவருடி ஒங்க நைனா. ஒங்க தாத்தா தூண்ல கட்டிவெச்சு வெளாசுனாரு. அன்னையிலருந்து ஒரு பாட்டு முணுமுணுத்து நான் பார்த்ததில்ல." நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபத்தெட்டில் வேலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பழைய கல்லூரியில் கணக்குத் துறையில் ஒரு வேலை காலி இருக்கிறது, அடுத்த புதன்கிழமை நேரில் வந்தால் கிடைக்கும் என்று எங்கள் பேராசிரியை எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு நைனா முன்னால் போய் நின்றேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஞாயித்துக்கெழம ஒருத்தங்க வர்றாங்க. உள்ளூர்தான், நாலு தெரு தள்ளி. பையன் கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கான். இது அமைஞ்சுட்டா அவங்க சொல்றபடி. அமையலைன்னா நீ வேலூருக்குப் போ. நானே பஸ் ஏத்திவுடறேன்."

"சத்தியமா நைனா?"

"சத்தியமா."

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த அறைக்குக் கதவு இருப்பது எனக்குத் தெரிந்தது. வருகிறவர்களுக்கு என்னைப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதானே? என் குரலை மட்டும் நம்ப முடியாது. எத்தனையோ பேர் முன்னால் தப்பாகப் பாடியும் ஒருத்தர்கூட முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ஆனால் இந்த மாப்பிள்ளையின் அம்மா சங்கீதப் பைத்தியம், வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டில் பஜனை வைப்பவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் காதுக்குப் பெட்டியே காட்டிக்கொடுக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் பித்தளை நாக்குகள் இருக்கும், ரீடு என்பார்கள். எங்கள் பெட்டியில் கட்டைக்கு இரண்டு. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ப-வின் இரண்டு ரீடில் ஒன்றைக் கழற்றி, சவர பிளேடால் சுரண்டினேன். கண்மண் தெரியாமல் அல்ல, கணக்குப் போட்டு. ஒன்று 384-லேயே நிற்க மற்றது 388 ஆனால் நொடிக்கு நாலு விம்மல். லாக்கில் 0.0045. சுரண்டுவதும் மாட்டிப் பார்ப்பதும் எண்ணுவதுமாக ஒரு பகல் போனது. கடைசியில் ப-வை அழுத்தினால் பெட்டி கேவிக்கேவி அழுதது. காது உள்ள யாரும் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். புழுதி இல்லாத கால்கள், தூக்கம் இல்லாத கண்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா என் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு நைனாவாலும் எங்கேயும் போக முடியவில்லை, சுவரோரம் நின்றார். நான் ச-வையும் ப-வையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு சாமி பாட்டை எடுத்தேன். பெட்டி அழுதது. நான் வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பாடினேன். நைனாவின் கண் என் முகத்திலிருந்து இறங்கி, என் விரல் அழுத்தியிருந்த கட்டையில் வந்து நின்றதைப் பார்த்தேன்.

பாட்டு முடிந்தது. அந்த அம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது தாரை தாரையாகக் கண்ணீர்.

"அப்பா, என்னா உருக்கம்! எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கேன். நெஞ்சே நடுங்கற மாதிரி எவளும் பாடுனதில்ல. எங்களுக்குப் பரிபூரண சம்மதம்ங்க."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த நடுக்கத்தை நான்தான் வைத்தேன், பிளேடால் சுரண்டி, லாக் போட்டு, நொடிக்கு நாலு என்று எண்ணி வைத்தேன். என் கையாலேயே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "நைனா, புதன்கிழமை..." என்று அன்று அவரிடம் கெஞ்சினேன். "இனிமே அவங்கதானே சொல்லணும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர்கள் சொன்னது, "நம்ம வீட்டுல என்னா கொறைச்சல், வேலைக்குப் போறதுக்கு?"

கல்யாணம் ஆகி நாலு தெரு தள்ளிப் போனேன். அங்கேயும் மாடி, அங்கேயும் ஜன்னல், அங்கேயும் அதே மலை, கொஞ்சம் கோணலாக. ஆர்மோனியமும் கூட வந்தது. வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். அம்மா சொன்னால் சரி என்பவர். வெள்ளிக்கிழமை தோறும் கூடத்தில் தெருப் பெண்கள் கூடுவார்கள், நான் பாடுவேன், மாமியார் அழுவார். 'உருக்கமா பாடற மருமக' என்று தெருவில் எனக்குப் பேர். அந்த ரீடை நான் ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. பிடிவாதம். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதில் ஏதோ தப்பு இருக்கிறதே என்று கேட்கட்டும், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று காத்திருந்தேன். ஆறு வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காதவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நைனா அடிக்கடி வருவார், காலை நேரத்தில், மல்லாட்டைப் பையோடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்ததே இல்லை. எண்பத்துநாலில் ஒரு வெள்ளிக்கிழமை, பஜனைக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று வந்துவிட்டார். மாமியார் என் நாலு வயசு மகளை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்மந்தி! பேத்தி பாட்டைக் கேக்காமப் போவக் கூடாது. அம்மாகிட்ட இப்பவே கத்துக்க ஆரம்பிச்சுட்டா. நாளைக்குப் போற எடத்துல கேப்பாங்க இல்ல?"

குழந்தை சிரித்துக்கொண்டே, ச, ப என்று பாடிக் காட்டினாள். ச நேராக நின்றது. ப-வில் குரலை ஆட்டினாள். பெட்டி எப்படி அழுமோ அப்படியே, நொடிக்கு நாலு. அந்தப் பிசகைத்தான் சுரம் என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். நைனாவின் முகம் வெளுத்துவிட்டது.

மாமியார் உள்ளே போனதும் அவர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். "பிளேடு இருந்தா எடுத்தாம்மா" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? அன்னைக்குச் சுரண்டுனது நீதானே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல் தடவை நீ கட்டையை அமுக்குனப்பவே தெரியும். கூத்துல எத்தினி பெட்டியோட நின்னிருக்கேன்! வேணும்னேதான் பண்ணியிருக்கேன்னும் தெரியும்."

"தெரிஞ்சும் குடுத்தீங்களா?"

அவர் பெட்டியின் மூடியைத் திறந்தார். ஆறு வருஷமாக ஒரே ஒரு காதைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் காது முதல் நாளிலிருந்தே சுவரோரம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. பிளேடைக் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் போட்டேன்.

அவர் ரீடைக் கழற்றினார். அடிப்பக்கம் நாலு சுரண்டு, மாட்டினார், அழுத்திக் கேட்டார். மறுபடி இரண்டு சுரண்டு. லாக்கும் கிடையாது, கம்பியும் கிடையாது. விம்மல் நொடிக்கு இரண்டானது, ஒன்றானது, நின்றுவிட்டது. எனக்கு ஒரு பகல் பிடித்த வேலையை அவர் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடித்துவிட்டார். தலை நிமிராமல் கேட்டார்:

"எவ்ளோ ஏத்தி வெச்சிருந்தே?"

"ஆறு வருஷம், நைனா" என்றேன்.

அவர் கை துருத்தியின் மேலேயே நின்றுவிட்டது. அதற்குள் மாமியார் கையில் கரண்டியோடு வந்தார். "என்னா ஆச்சு பெட்டிக்கு? சத்தம் வறட்டுனு வருது! அந்த நடுக்கத்தைக் காணோமே!"

நைனா எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், கிராமத்தில் பஞ்சாயத்து முன்னால் நிற்கிறவர்கள் கட்டுகிற மாதிரி.

"அந்த நடுக்கம் தப்புங்க சம்மந்தி. இப்போ வர்றதுதான் சரியான சத்தம். எம் பொண்ணுக்குப் பாட வராதுங்க. அன்னைக்கும் வராது, இன்னைக்கும் வராது. நான்தான் தரகர்கிட்ட பொய் சொன்னேன். அவளுக்குக் கணக்குதான் வரும். பேத்திக்கு அதைச் சொல்லித்தரட்டும். எம் பொண்ணையும் வேலைக்கு அனுப்புங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

நிஜமாகவே கும்பிட்டார். மாமியார் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"அப்போ..." என்று இழுத்தார். "ஆறு வருஷமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் அழுததெல்லாம்?"

நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"அது தப்பு இல்லீங்க அத்தை" என்றேன். "நானும் அழுதுட்டுதான் இருந்தேன்."